லண்டனில் ஜூன் மாதம் ஏன் இருட்டவே மாட்டேன் என்கிறது?

சென்னையில் டிசம்பர் 21 அன்று சூரியன் மறைவது மாலை 5.47 வாக்கில். ஜூன் 21 அன்று 6.38. ஆறு மாதத்தில் ஐம்பது நிமிடம் முன்னே பின்னே போகிறது, அவ்வளவுதான். லண்டனில் இதே இரண்டு தேதிகளை எடுத்துக்கொண்டால் டிசம்பரில் பிற்பகல் 3.53, ஜூனில் இரவு 9.21. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதைக் கழித்தாலும் நாலரை மணி நேர வித்தியாசம் நிற்கிறது. குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போகிற நம்மூர்க்காரர்கள் இதற்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல்தான் போய் இறங்குகிறார்கள்.

காரணம் கேட்டால், "லண்டன் பூமத்திய ரேகையிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, அதனால்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது விளக்கம் ஆகாது. தள்ளி இருந்தால் வெளிச்சம் குறையத்தானே வேண்டும்? ஜூனில் நம்மைவிட அவர்களுக்கு நாலு மணி நேரம் கூடுதலாகப் பகல் கிடைப்பது எப்படி?

முதலில் ஒரு தவறான காரணத்தை ஒதுக்கிவிடுவோம். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது, குளிர்காலத்தில் விலகிப் போகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. நடப்பது தலைகீழ். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. லண்டன் நடுங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் சூரியன் கிட்டே இருக்கிறது. ஆக, தூரம் காரணமில்லை. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வும், நீங்கள் நிற்கும் ஊரின் அட்சரேகையும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன.

அட்சரேகை என்பது ஒரு ஊர் பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்ற எண். பள்ளிப் புத்தகத்தில் அட்சக்கோடு என்று படித்திருப்பீர்கள். இலங்கையில் அகலக்கோடு என்பார்கள். ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். கன்னியாகுமரி 8, யாழ்ப்பாணம் 9.7, சென்னை 13, டெல்லி 28.6, டொராண்டோ 43.7, லண்டன் 51.5, ஆஸ்லோ 60. வட நார்வேயில் உள்ள துரோம்சோ கிட்டத்தட்ட 70.

இந்த எண்ணை வானத்திலேயே பார்க்கலாம். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் ஏறக்குறைய உங்கள் ஊரின் அட்சரேகை. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சென்னையில் வடக்கே பார்த்து, அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி, அதற்கு மேல் இரண்டு விரல் வைத்தால் அந்த இடத்தில் துருவ நட்சத்திரம். கட்டடமும் புழுதியும் மறைக்காமல் இருக்க வேண்டும், அது வேறு விஷயம். லண்டனில் ஐந்து முஷ்டி உயரம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

துருவ நட்சத்திரத்தை ஏன் இழுத்தேன் என்றால், சூரியன் உட்பட வானத்தில் தெரியும் எல்லாமே அந்தப் புள்ளியை மையமாக வைத்துத்தான் நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன. உண்மையில் சுற்றுவது பூமி. நம் கண்ணுக்கு வானம் சுற்றுகிற மாதிரி. சூரியன் தினமும் ஒரு முழு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தில் அடிவானத்துக்கு மேலே இருக்கும் பகுதி பகல், கீழே இருக்கும் பகுதி இரவு. இந்த ஒரு படத்தை மனதில் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

சென்னையில் சுற்றின் மையம் வடக்கு அடிவானத்தை ஒட்டி, வெறும் 13 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதனால் சூரியனின் வட்டம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் வட்டத்தை அடிவானம் வெட்டினால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாகத்தான் வெட்டும். பூமியின் அச்சுச் சாய்வினால் ஜூனில் சூரியன் 23.4 டிகிரி வடக்கே நகர்ந்தாலும் சரி, டிசம்பரில் அதே அளவு தெற்கே நகர்ந்தாலும் சரி, பாதிக்குப் பாதி என்பது பெரிதாக மாறுவதில்லை. லண்டனில் மையம் 51.5 டிகிரி உயரத்தில் இருப்பதால் வட்டம் நன்றாகச் சாய்ந்து கிடக்கிறது. ஜூனில் சூரியன் வடக்கே, அதாவது அந்த மையத்துக்குக் கிட்டே வரும்போது வட்டத்தின் பெரும்பகுதி அடிவானத்துக்கு மேலே வந்துவிடுகிறது. டிசம்பரில் பெரும்பகுதி கீழே போய்விடுகிறது. துரோம்சோவில் வட்டம் ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. ஜூன் வட்டம் முழுசாக மேலே. நடு இரவிலும் சூரியன் மறையாது. டிசம்பர் வட்டம் முழுசாகக் கீழே.

இனி எண்களைப் பாருங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 9 நிமிடம். கன்னியாகுமரியில் ஒரு மணி நேரம். சென்னையில் 12 மணி 54 நிமிடமும் 11 மணி 21 நிமிடமும். ஒன்றரை மணி நேர வித்தியாசம். டெல்லியில் ஏறக்குறைய 14 மணி நேரத்திலிருந்து 10 மணி 20 நிமிடம் வரை. லண்டனில் 16 மணி 38 நிமிடமும் 7 மணி 50 நிமிடமும். 66.6 டிகிரியைத் தாண்டி ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய்விட்டால் 24 மணி நேரப் பகலும் சூரியனே எட்டிப் பார்க்காத நாளும் வருகின்றன. பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ்: சிட்னியில் டிசம்பர்தான் நீண்ட பகல்.

மாற்றம் வரும் வேகமும் கவனிக்க வேண்டிய விஷயம். மார்ச் மாதம் சென்னையில் பகல் நாளுக்கு முக்கால் நிமிடம் நீள்கிறது, யாருக்கும் தெரியாது. லண்டனில் நாளுக்கு நாலு நிமிடம், அதாவது வாரத்துக்கு அரை மணி நேரம். துரோம்சோவில் நாளுக்கு எட்டு நிமிடத்துக்கும் மேல். அங்கே இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் ஊர் வேறு மாதிரி இருக்கும்.

நமக்குத் தெரியாத அந்த முக்கால் நிமிடம் பயிருக்குத் தெரிகிறது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் கதிர் பிடிக்கும். முன்கூட்டியே நட்டாலும் பயிர் உயரமாக வளர்ந்துகொண்டே இருக்குமே தவிர, பூக்கிற நேரத்தைப் பகலின் நீளம்தான் தீர்மானிக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்கள் மழையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் பயிர் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

சென்னைவாசிகளுக்கு ஒரு வேடிக்கை. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்றால், அன்றுதான் சூரியன் மிகத் தாமதமாக உதிக்க வேண்டும், அன்றுதான் மிகச் சீக்கிரம் மறைய வேண்டும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. சென்னையில் மிகச் சீக்கிரமான சூரிய மறைவு நவம்பர் 20 வாக்கில், மாலை 5.39க்கு. மிகத் தாமதமான உதயம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆன பிறகு, காலை 6.36க்கு. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வரும் நேரமே கடிகாரப்படி தினமும் கொஞ்சம் நகர்கிறது. நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி வரை அது பின்னே தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். பகலின் நீளம் மெதுவாக மாறும் நம்மூரில் இந்த நகர்வின் கை ஓங்கிவிடுகிறது. பகல் வேகமாக மாறும் லண்டனில் அது அவ்வளவாக எடுபடாது. அங்கே சீக்கிரமான மறைவும் தாமதமான உதயமும் டிசம்பர் 21ஐ ஒட்டி, பத்து நாள் முன்னே பின்னே வந்துவிடும். ஜனவரியில் "நாள் நீள ஆரம்பிச்சாச்சுன்னு சொல்றாங்க, காலையில இன்னும் இருட்டாத்தானே இருக்கு" என்று பேருந்து நிறுத்தத்தில் முணுமுணுப்பவர் சொல்வது சரிதான்.

சரி, அந்திக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி இது.

சூரியன் மறைந்த உடனே இருட்டிவிடாது. அடிவானத்துக்குக் கீழே போன சூரியனின் ஒளி மேல் வளிமண்டலத்தில் இன்னும் பட்டுச் சிதறிக்கொண்டிருக்கும். இதை வானியலாளர்கள் மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போகும் வரை முதல் கட்டம்: விளக்கில்லாமல் வெளியில் வேலை செய்யலாம், தெருவில் வருபவரின் முகம் தெரியும். 12 டிகிரி வரை இரண்டாம் கட்டம்: கடலில் அடிவானக் கோடு மங்கலாகத் தெரியும், பிரகாசமான நட்சத்திரங்களும் தெரியும். 18 டிகிரி வரை மூன்றாம் கட்டம். அதற்கும் கீழே போனால்தான் முழு இருட்டு.

சூரியன் தன் வட்டத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இந்த வேகம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அது அடிவானத்தை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னையில் வட்டம் நிமிர்ந்து நிற்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேர் கீழே விழுகிறது. முதல் 6 டிகிரியை இருபத்திரண்டு நிமிடம் போல் ஆகும்போதே தாண்டிவிடும். ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. மெரினாவில் சூரியன் போன பிறகு சுண்டல் வாங்கித் தின்று முடிப்பதற்குள் முகம் தெரியாமல் போவது இதனால்தான். லண்டனில் சூரியன் சரிந்து சரிந்து இறங்குகிறது. ஜூனில் முதல் 6 டிகிரிக்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகும் அது ஆழமாகப் போவதில்லை. நள்ளிரவில் அடிவானத்துக்குக் கீழே சுமார் 15 டிகிரி போய், அங்கிருந்தே திரும்பி மேலே ஏற ஆரம்பித்துவிடும். 18ஐத் தொடுவதே இல்லை. எனவே மே கடைசி வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை லண்டனில் கணக்குப்படி முழு இருட்டு என்பதே கிடையாது. வடக்கு வானத்தில் ஒரு வெளிறல் இரவு முழுக்க இருந்துகொண்டே இருக்கும்.

இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. இஸ்லாமியரின் இரவுத் தொழுகையும் அதிகாலைத் தொழுகையும் அந்தி வெளிச்சத்தை வைத்து நேரம் குறிக்கப்படுபவை. அந்தி முடியாமலே விடியல் தொடங்கிவிடும் ஊரில் அந்த நேரத்தை எப்படிக் குறிப்பது? பிரிட்டனில் இதற்குப் பல கணக்கீட்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே நகரத்தில் இரண்டு பள்ளிவாசல்களின் அட்டவணை வேறுபடுவதும் உண்டு. ரம்ஜான் ஜூன் மாதத்தில் வந்த 2016 போன்ற ஆண்டுகளில் லண்டனில் நோன்பு பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டியது.

இன்னும் வடக்கே, 60 டிகிரியில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜூன் நள்ளிரவில் சூரியன் ஆறரை டிகிரி சொச்சம்தான் கீழே போகிறது. தெரு பளிச்சென்று தெரியும். 'வெள்ளை இரவுகள்' என்று அங்கே அதைக் கொண்டாடுகிறார்கள்.

துருவ இரவு என்றால் இரண்டு மாதம் கும்மிருட்டு என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அதுவும் முழு உண்மையில்லை. டிசம்பர் 21 நண்பகலில் துரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே வெறும் 3 டிகிரிதான். அதாவது முதல் கட்ட அந்தி. சூரியன் வராது, ஆனால் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனியெல்லாம் நீலம் பாய்ந்த ஒரு வெளிச்சம் இருக்கும். சூரியன் அங்கேயும் சரிந்துதான் நகர்கிறது என்பதால் அந்த அந்தி சீக்கிரம் முடிவதுமில்லை. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வட நார்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள், யாழ்ப்பாணத்தின் 9.7 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு. நம் இலக்கணம் நாளை காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஆறு சிறுபொழுதுகளாக, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை வைத்துச் சமமாகப் பிரிக்கிறது. 9 டிகிரியிலும் 13 டிகிரியிலும் வருடம் முழுக்க அது செல்லும். 70 டிகிரியில் டிசம்பரில் வைகறையும் மாலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், நடுவில் நண்பகல் என்று ஒன்று இருக்காது.

இப்போது வெயில். வருடம் முழுக்கப் பகல் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய பாதி நாள்தான் வருகிறது, துருவத்துக்கும் அப்படித்தான். மணிக்கணக்கில் யாருக்கும் பெரிய வஞ்சனை இல்லை. வஞ்சனை இருப்பது வெயிலின் வலுவில். டார்ச் விளக்கைத் தரைக்கு நேர் மேலே பிடித்தால் சின்ன வட்டம், பளிச்சென்று. சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கிவிடும். டிசம்பர் நண்பகலில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில், லண்டனில் 15 டிகிரியில். சாய்வினால் மட்டுமே ஒரு சதுர மீட்டர் தரைக்கு லண்டனில் கிடைப்பது சென்னையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. போதாததற்கு அந்த ஒளி, சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். அதுவும் எட்டு மணி நேரத்துக்குள்.

நார்வேயில் ரூக்கான் என்ற ஊர் பள்ளத்தாக்கில் இருக்கிறது, அட்சரேகை சுமார் 60. அங்கே குளிர்காலச் சூரியன் மலை முகட்டைத் தாண்டி உயர்வதே இல்லை. செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை ஊருக்குள் நேர் வெயில் கிடையாது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும்படி வைத்து, ஊர்ச் சதுக்கத்தில் வெயில் விழச் செய்தார்கள். வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடும் நமக்கு இது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் நேர் எதிர். 23.4 டிகிரிக்குள் இருக்கும் எல்லா ஊருக்கும் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த கம்புக்கு நண்பகலில் நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்பது இதுதான். சென்னைக்கு அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். இலங்கையில் ஏப்ரல் 5 முதல் 15 வரை ஊர் ஊராக நகர்ந்து போகும். சென்னையில் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. தெற்கு ஜன்னலுக்கு மட்டும் திரை போட்டவர்கள் ஜூனில் வடக்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் ஏப்ரல் 24 அன்றுதானே உச்ச வெயில் அடிக்க வேண்டும், கத்திரி ஏன் மே மாதத்தில் வருகிறது? தரையும் காற்றும் சூடேற நேரம் எடுக்கும். வாங்குவது இழப்பதைவிட அதிகமாக இருக்கும் வரை சூடு ஏறிக்கொண்டேதான் போகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையின் மேகமும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கை மாற்றுகின்றன.

கோணம், நேரம் இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு விசித்திரமான விடை கிடைக்கிறது. ஜூன் 21 அன்று வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு நாள் முழுக்க வந்து சேரும் சூரிய ஆற்றலை அளந்தால், வடதுருவத்துக்குப் பூமத்திய ரேகையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். சூரியன் 23 டிகிரி உயரத்தில்தான், ஆனால் 24 மணி நேரமும் இறங்காமல் நிற்கிறதே. அப்படியும் துருவம் சூடாவதில்லை. வெள்ளைப் பனி பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, மிச்சத்தில் பெரும்பங்கு பனியை உருக்குவதிலேயே செலவாகிறது. ஆண்டுச் சராசரியில் பார்த்தால் துருவத்துக்கு வருவது பூமத்திய ரேகைக்கு வருவதில் நாற்பது சதவீதம் போலத்தான். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யத்தான் காற்றும் கடல் நீரோட்டமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பூமத்திய ரேகையருகில் சூடாகி மேலேறும் காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, 30 டிகிரியை ஒட்டி வறண்ட காற்றாக இறங்குகிறது. சகாரா, அரேபியப் பாலை, தெற்கே கலஹாரி எல்லாம் அந்தப் பட்டையில் வரிசையாகக் கிடப்பது தற்செயல் இல்லை.

பகலையும் அந்தியையும் அட்சரேகை நிமிடக்கணக்கில் சொல்லிவிடும். காலநிலையில் அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. நார்வேயின் துரோந்தைமும் சைபீரியாவின் யாகுட்ஸ்கும் 62, 63 டிகிரியில்தான் இருக்கின்றன. முதலாவதில் ஜனவரி சராசரி பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே; வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டமும் மேற்குக் காற்றும் காப்பாற்றுகின்றன. இரண்டாவது கண்டத்தின் உள்ளே, கடல் எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே ஜனவரிச் சராசரி மைனஸ் 38 டிகிரி செல்சியஸ் அளவில், ஜூலையில் பிளஸ் 19, 20. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னையும் பெங்களூருவும் ஒரே 13 டிகிரிதான், பகலின் நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு டிகிரி போல் வெப்பம் குறையும். மே மாதம் சென்னையிலிருந்து பெங்களூரு ரயில் ஏறுகிறவர்கள் ஓடிப்போவது அட்சரேகையிலிருந்து இல்லை, கடல் மட்டத்திலிருந்து.